ராத்திரிக்குச் சூரியன் இல்லையே

அங்கிட்டு உக்காராதீங்க தம்பி. சீட்டு காலியா இருக்கேன்னு பாக்குறீங்க, ஏன் காலியா இருக்குன்னு பாக்கலையே. திண்டுக்கல் வரைக்கும் வலது பக்கம் வெயில் மூஞ்சியிலேயே அடிக்கும். இப்படி வாங்க. இந்தப் பையை நான் மடியில வச்சுக்கறேன். ம், இப்ப சரி. டிக்கெட்டை அப்படிச் சட்டைப்பையில சொருகாதீங்க, பர்ஸுக்குள்ள வைங்க. செக்கிங் ஏறுற நேரம் பாத்துத்தான் அது காணாமப் போகும்.

இவருக்கென்ன இவ்வளவு அக்கறைன்னு நினைக்காதீங்க. நான் கவர்மெண்ட் பஸ்ல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். இந்த ரூட்ல பாதி வாழ்க்கை போயிருச்சு. ஒரு ஆளு சீட்ல உக்காந்திருக்கிற தினுசைப் பாத்தே சொல்லிருவேன், டிக்கெட் எடுத்தவரா எடுக்காதவரான்னு. எடுக்காத ஆளு ஜன்னலுக்கு வெளியே ரொம்ப ரசிச்சுப் பாப்பான். நீங்க போனைப் பாக்குறீங்க, அதனால சந்தேகம் இல்ல. போன்ல வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கோங்க. பகல்ல எதுக்கு அவ்வளவு வெளிச்சம், சார்ஜ் வீணாத்தானே போகுது.

கோயம்புத்தூருக்குத்தான். பேத்தி பொறந்திருக்கா. ஆமா, முதல் பேத்தி. இன்னும் நேர்ல பாக்கல, போன்லதான் காட்டினாங்க. நல்லா உருண்டையா, மூக்கு எங்க அம்மா மூக்கு. நான் என்ன செஞ்சேன்? பின்னாடி பட்டப்பகல்ல ட்யூப் லைட் எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, "அது ஏன் எரியுது?"ன்னு கேட்டேன். பேத்தியைப் பாத்து முதல் வார்த்தை அதுதானான்னு என் சம்சாரம் மரகதம் இன்னைக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுறா. லைட் எரிஞ்சது எரிஞ்சதுதானே தம்பி? நான் இல்லாததையா சொன்னேன்?

அருப்புக்கோட்டையில எங்க வீட்ல ஒரு சட்டம். ஆள் இல்லாத ரூம்ல ஃபேன் ஓடக் கூடாது. ஒத்தை ஆள் இருந்தாலும் ஓடக் கூடாது. ஒரு ஆளுக்கு எதுக்கு ஒரு ஃபேன், ஹாலுக்கு வந்தா எல்லாரும் ஒரே காத்துல உக்காந்துக்கலாம். என் மக தாரணி ப்ளஸ் டூ படிச்சதெல்லாம் அந்த ஹால்லதான். நான் நியூஸ் பாத்துக்கிட்டு இருப்பேன், அவ காதுல பஞ்சை வச்சுக்கிட்டு கெமிஸ்ட்ரி படிப்பா. குடும்பம்னா அப்படி ஒண்ணா இருக்கணும். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ரீடிங் எடுக்க வருவாங்கள்ல, எங்க வீட்டு யூனிட் ஐந்நூறைத் தாண்டினதா சரித்திரமே கிடையாது. தாண்டுற மாதிரி இருந்தா கடைசி வாரம் அயர்ன் பாக்ஸை எடுத்துப் பரண்ல போட்டுருவேன். கசங்கின சட்டை போட்டா யாரும் செத்துப் போயிர மாட்டாங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன். தாரணியை கோயம்புத்தூர்ல கட்டிக் கொடுத்தோம். மாப்ள தங்கமான மனுஷன். சம்பந்தி வீட்ல ரூமுக்கு ஒரு ஏசி. அந்த ஊர்லயே இயற்கையா காத்து வருது, அதுக்கு மேல ஏசி. நான் ஒண்ணும் சொல்லல, அவுக காசு, அவுக கரண்ட்டு. தை மாசம் வளைகாப்பு. வளைகாப்பு முடிஞ்சா பொண்ணைத் தாய் வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றதுதானே முறை? கார் கூடப் பேசிட்டேன். அந்த நேரம் பாத்து சம்பந்தியம்மா சொல்றாக, "அருப்புக்கோட்டை வெயில்ல பிள்ளைத்தாச்சி எப்படிங்க இருப்பா? பிரசவம் இங்கேயே ஆகட்டுமே". நான் தாரணியைப் பாத்தேன். எங்கப்பா வீட்டுக்குப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லுவான்னு பாத்தேன். அவ கையில போட்ட வளையலை எண்ணிக்கிட்டு இருக்கா. "இங்கேயே இருந்துக்கறேன்ப்பா, அங்க ரொம்பப் புழுங்கும்"ங்கிறா.

தலைப்பிரசவம் தம்பி. ஒரே மக. பொண்ணு இல்லாமலே திரும்பினோம். பல்லடம் தாண்டி வர்றப்ப முடிவு பண்ணேன். வெயில்தானே உங்களுக்குப் பிரச்சனை? நம்ம வீட்லயும் ஏசி போடுறேன், என் பொண்ணு எப்படி வராமப் போறான்னு பாக்குறேன்.

ஆனா ஏசின்னா மீட்டர் எப்படிச் சுத்தும்னு உங்களுக்குத் தெரியாதா. அதை நினைச்சாலே எனக்குத் தூக்கம் வராது. அப்பத்தான் பக்கத்துத் தெருவுல ஒருத்தர் மொட்டை மாடியில சோலார் பேனல் போட்டிருக்கிறதைப் பாத்தேன். போய் விசாரிச்சேன். கரண்ட்டு நம்ம தலைக்கு மேலேயே காய்ச்சுத் தொங்குது, பறிச்சுக்க வேண்டியதுதாங்கிறாரு. வெயிலால வராத பொண்ணை அதே வெயிலை வச்சே கூட்டிட்டு வர்றோம். எப்பேர்ப்பட்ட யோசனை பாருங்க! மரகதத்துக்கிட்ட சொன்னேன். "நீங்க சோலார் போட்டுட்டா மட்டும் சுவிட்சு மேல கையை வைக்காம இருப்பீங்களா?"ன்னா. பொம்பளைங்களுக்கு டெக்னாலஜி புரியாது, விட்டுட்டேன்.

விருதுநகர்ல இருந்து அல்போன்ஸ்னு ஒருத்தர் வந்தாரு, சோலார் போடுற ஆளு. மாடிக்குப் போயி சுத்திப் பாத்தாரு. "தண்ணித் தொட்டியை எதுக்கு சார் இவ்வளவு உசரத்துல ஏத்தி வச்சிருக்கீங்க? மத்தியானத்துக்கு மேல இதோட நிழல் பாதி மாடியை அடைக்குது. ஒரு பேனல்ல நிழல் விழுந்தாலும் மொத்த வரிசையும் மந்தமாயிரும்"னாரு. அந்தத் தொட்டி கதை வேற. தாரணிக்கு மாப்ள பாத்துப் பாத்து அமையாம இருந்தப்ப, வாஸ்துக்காரர் ஒருத்தர் வந்து கன்னி மூலைதான் வீட்லயே உசரமா இருக்கணும்னு சொன்னாரு. தென்மேற்கு மூலையில மேடை கட்டித் தொட்டியை ஏத்தினோம். ஏத்தின மறுமாசமே கோயம்புத்தூர்ச் சம்பந்தம் வந்துச்சு. இப்ப இறக்குவோம்னா மரகதம் விடுவாளா? "அந்தத் தொட்டி கொண்டாந்த மாப்ள அவரு. பிரசவம் ஆகுற வரைக்கும் ஒரு செங்கலைத் தொடக் கூடாது"ன்னு படியில உக்காந்துட்டா.

அது மட்டுமா. பிள்ளைத்தாச்சி வர்ற வீட்ல ஆணி அடிக்கக் கூடாது, துளை போடக் கூடாதுன்னு இன்னொண்ணு. பேனல் ஸ்டாண்டுக்குத் தளத்துல துளை போட்டு போல்ட்டு முடுக்கணுமாம். "பிள்ளைத்தாச்சி இப்ப கோயம்புத்தூர்லல்ல இருக்கா, அப்ப சம்பந்தி வீட்லதான் துளை போடக் கூடாது"ன்னு நான் பாயிண்ட் எடுத்தேன். எடுபடல. கடைசியில அல்போன்ஸே வழி சொன்னாரு. துளையே வேண்டாம், சிமெண்ட் கட்டைகளை வச்சு அது மேல ஸ்டாண்டை நிறுத்திரலாம், காத்தடிச்சாலும் அசையாதுன்னாரு. அப்பவும் வடகிழக்குல, ஈசானி மூலையில பாரம் ஏறக் கூடாதுன்னுட்டா. கன்னி மூலையில தொட்டி நிழல், ஈசானியில வாஸ்து, மிச்சம் இருந்த இடம் கிழக்குப் பக்கம் அக்னி மூலையை ஒட்டி. "கரண்ட்டும் அக்னிதானே, பொருத்தம்தான்"னு மரகதமே சமாதானம் ஆயிட்டா. மூணு கிலோவாட் பேனலும் அங்கேயே அடைஞ்சுருச்சு.

பணமா? பேங்க்ல லோன் கொஞ்சம் போட்டேன். மானியம் பிறகால நம்ம கணக்குக்கே வந்துச்சு, அதைக் குறை சொல்ல மாட்டேன். கையில இருந்து போட வேண்டியதுக்குத் தாரணி பிரசவத்துக்குன்னு போட்டுட்டு வந்த ஆர்.டி.யை உடைச்சேன். "அப்ப பிரசவச் செலவுக்கு?"ன்னு மரகதம் கேட்டா. "இதுவே பிரசவச் செலவுதானே"ன்னேன். அவ எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டா. நான் சொன்னா அவ பெரும்பாலும் ஒத்துக்குவா.

பேனல் போட்டு, மீட்டர் மாத்தி, முதல் நாள் கரண்ட்டு ஓடினப்ப எனக்குக் கண்ணே கலங்கிருச்சு தம்பி. போன்ல ஒரு ஆப் போட்டுக் கொடுத்தாரு அல்போன்ஸ். இந்தா பாருங்க. காலையில சின்னதா ஆரம்பிச்சு, உச்சிக்கு ஏறி, சாயங்காலம் இறங்குது பாருங்க, மலை மாதிரி. இது நேத்து. எவ்வளவு அழகா இருக்கு! நம்ம செலவழிச்சது போக மிச்சம் கம்பி வழியா வெளியே போகுதுல்ல, அது இந்தப் பச்சைக் கோடு. மரகதம் கீழே மிக்சி போட்டா இங்க பச்சை சட்டுனு இறங்கும். மாவாட்டினா ஒரு பள்ளம். நான் மாடியில இருந்தே குரல் கொடுப்பேன், "சட்னியை அம்மியில அரைச்சா என்ன?"ன்னு. முன்னாடி மீட்டர் ஓடினா வருத்தமா இருக்கும், இப்ப ஓடலேன்னா வருத்தமா இருக்கு.

அல்போன்ஸ் சொன்னாரு, "சார், பகல்ல நீங்க வெளியே அனுப்புறதை ராத்திரி திருப்பி எடுத்துக்கலாம். பேங்க்ல போட்டு எடுக்கிற மாதிரிதான். பயப்படாம ஏசி போடுங்க"ன்னு. பேங்க்ல போட்டா எடுக்கலாம், நான் இல்லேங்கல. ஆனா எடுத்தா குறையுமே? எடுக்கிறதுக்கா சேர்த்து வைக்கிறோம்? என்னங்க நீங்க சிரிக்கிறீங்க, உங்க அப்பாவைக் கேட்டுப் பாருங்க.

ஜன்னல் ஏசியா வாங்கி, சுவத்துல துளை போடாம மாட்டியாச்சு. மரகதம் அதுக்குப் பூப்போட்ட துணியில ஒரு உறை தைச்சுப் போட்டா. ரிமோட்டைப் பிளாஸ்டிக் கவரோட பீரோவுல வச்சுப் பூட்டினேன். தாரணிக்குப் போன் போட்டு, "வாம்மா, உன் ரூம்ல ஏசி போட்டாச்சு, சூரியனே உனக்குக் காத்து வீசப் போறாரு"ன்னேன். "நிஜமாவாப்பா? எனக்காகவா?"ன்னா. சித்திரை பொறந்ததும் வந்துட்டா. வயித்தைத் தள்ளிக்கிட்டு அவ கார்ல இருந்து இறங்கினதைப் பாத்தப்போ, போட்ட காசெல்லாம் அந்த நிமிஷமே வந்துருச்சுன்னு நினைச்சேன். சூடம் காட்டி, நானே ஏசியைப் போட்டு விட்டேன். பிள்ளை அப்படியே கண்ணை மூடிக் கட்டில்ல சாஞ்சா. நான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.

இதுக்கப்புறம் நடந்ததை நீங்களே கேட்டு நியாயம் சொல்லுங்க. நான் ஏசி போடாதேன்னு ஒரு நாளும் சொல்லல. தாராளமா போடுன்னுதான் சொன்னேன். ஆனா வெயில் இருக்கிறப்பதானே போடணும்? மேகம் வந்து மறைச்சா பேனல்ல ஒண்ணும் வராது. அந்த நேரம் மட்டும் சத்தமில்லாம உள்ள போயி நிறுத்திட்டு, மேகம் விலகினதும் திரும்பப் போட்டு விட்ருவேன். அவ தூங்கிக்கிட்டு இருப்பா, அவளுக்குத் தொந்தரவு ஆகக் கூடாதுன்னு அடி மேல அடி வச்சுத்தான் போவேன். யாரு தம்பி செய்வா இப்படி? மாமியார் வீட்ல செய்வாங்களா?

ராத்திரிதான் கொஞ்சம் சிக்கல். கட்டில்ல உக்காந்து காலை நீவிக்கிட்டு இருந்தா. ரிமோட்டைக் கேட்டா. நான் பக்கத்துல உக்காந்து தன்மையா எடுத்துச் சொன்னேன். "பகல்ல தூங்கிக்கோம்மா. ராத்திரிக்குச் சூரியன் இல்லையே." அவ என்னைப் பாத்தா. அப்புறம் சிரிச்சா. புரிஞ்சுக்கிட்டான்னு நினைச்சு நான் போய்ப் படுத்துட்டேன். காலையில எந்திரிச்சுப் பாக்குறேன், ஹால்ல ஜன்னல் ஓரமா ஈரத்துண்டைத் தரையில விரிச்சு அது மேல படுத்திருக்கா. வயித்துல ஒரு கையி, தலைக்கு ஒரு கையி. பக்கத்துல மரகதம் விசிறியோட உக்காந்தபடியே தூங்கிட்டா. எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா. என் வளர்ப்பு, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலயே!

அந்த வாரக் கடைசியில மாப்ள கார்ல வந்தாரு. காபி குடிச்சாரு. "டாக்டர் அங்க பக்கம் மாமா, கடைசி நேரத்துல அலைய வேண்டாம்"னாரு. தாரணி பெட்டியை ரெடியா வச்சிருக்கா. சம்பந்தியம்மாதான் போன் போட்டுப் போட்டு மனசைக் கலைச்சிருப்பாக, வேற என்ன. கிளம்புறப்ப என் கையைப் புடிச்சுக்கிட்டு, "உடம்பைப் பாத்துக்கோங்கப்பா"ன்னா. திரும்பிப் பாத்தா மரகதமும் சேலையை மாத்திட்டு வந்து வண்டியில உக்காந்திருக்கா. "நீ எங்க?"ன்னேன். "என் மகளுக்குப் பிரசவம் பாக்க. நீங்க இங்கேயே சூரியனைப் பாத்துக்கோங்க"ன்னுட்டா.

அதுல இருந்து தனியாத்தான் இருக்கேன். ஒண்ணும் கஷ்டம் இல்ல. மெஸ்ஸுல சாப்பாடு. காலையில மாடிக்குப் போயி பேனலைத் தண்ணி ஊத்தித் துடைப்பேன். பக்கத்து வீட்டுக்காரர் என்ன சார், குழந்தையைக் குளிப்பாட்டுற மாதிரி குளிப்பாட்டுறீங்கன்னு கிண்டல் பண்ணுவாரு. பில்லைப் பத்திக் கேளுங்க! கட்ட வேண்டியது ஒண்ணுமே இல்ல. ரீடிங் எடுக்க வந்தவரு, "வீட்ல யாரும் இல்லையா சார்?"ன்னாரு. "இருக்கேன்ல, இது சோலார்"னேன். பச்சைக் கோடு அப்படியே நிமிர்ந்து நிக்குது, மிக்சி பள்ளம் இல்ல, கிரைண்டர் பள்ளம் இல்ல. இன்னொரு விஷயம், பேனல் நிழலுக்குக் கீழே தாரணி ரூம் பகல்ல குளுகுளுன்னு இருக்கு. ஏசியே வேண்டாம். சும்மா போயி அங்க உக்காந்துக்குவேன். நேத்து அங்க உக்காந்து தும்மினேன். நூறு வயசுன்னு வாழ்த்துச் சொல்ல ஆள் இல்ல.

பேத்தி பொறந்தப்பவே வரச் சொன்னாக. நான்தான் வரல. பேனலை யாரு பாக்குறதுன்னு சொல்லிட்டேன். கோவம்தான் தம்பி, உங்ககிட்ட எதுக்குப் பொய். தாய் வீட்ல பொறக்க வேண்டிய பிள்ளை எங்கேயோ பொறக்குதேன்னு ஒரு கோவம். ஆனா அந்த மூக்கைப் பாத்ததுல இருந்து ராத்திரி எனக்கு இருப்பு கொள்ளல. முந்தாநாள் மரகதம் போன் போட்டா. "நாப்பது நாள் கழிஞ்சதும் குழந்தையோட அங்க வந்து இருக்கலாம்னு தாரணிக்கு ஆசைதான். நீங்க நேர்ல வந்து ஒண்ணே ஒண்ணு சொல்லணும். 'ஏசியை நீ எப்ப வேணா போட்டுக்கோம்மா'. அவ்வளவுதான். அதுக்குப் பின்னால எதையும் ஒட்டக் கூடாது"ன்னா. இது என்ன பெரிய விஷயம், கண்டக்டர்களுக்கே கிளாஸ் எடுத்தவன் நான், ஒரு வரி சொல்ல வராதான்னேன்.

சொல்லிக் காட்டுறேன், கேளுங்க. ஏசியை நீ எப்ப வேணா போட்டுக்கோம்மா... இருபத்தாறுல வச்சுக்கோ. சேச்சே. இருங்க. ஏசியை நீ எப்ப வேணா போட்டுக்கோம்மா, கதவை மட்டும் நல்லாச் சாத்திரு. பாத்தீங்களா, தானா வந்துருது. காலையில கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்தேன், அங்கேயும் குழந்தை தூங்கினதும் நிறுத்திருன்னு வந்து விழுது. நாக்கு பழகிருச்சு. என்ன செய்ய?

அதான் ஒரு யோசனை. வாயே திறக்கப் போறதில்ல. ரிமோட்டைக் கையோட எடுத்துட்டு வந்துட்டேன். இந்தா பாருங்க, பைக்குள்ள, கவர் கூட இன்னும் பிரிக்கல. உள்ள நுழைஞ்சதும் நேரா தாரணி கையில கொடுத்துருவேன். "இது இனிமே உன்கிட்டயே இருக்கட்டும்"ங்கிற மாதிரி. கேட்டா ஒரு வார்த்தை கிடையாது. அவளுக்குப் புரியும், என் மகதானே.

என்ன? செல்லா? ஆமா, ரிமோட்டுக்குள்ள பேட்டரி செல் இல்ல. நான்தான் கவரைப் பின்பக்கம் லேசாக் கீறிக் கழட்டினேன். சும்மா கிடந்தா தீர்ந்துரும்ல, அதான்...

ஏன் தம்பி அப்படிப் பாக்குறீங்க. சிரிக்கக் கூட மாட்டேங்கிறீங்க.

சரி சரி. இந்தாங்க, சட்டைப்பையிலதான் வச்சிருக்கேன், ரெண்டும். கவரையும் பிரிச்சுருங்க, பரவாயில்ல, கிழிச்சே எடுங்க. வெள்ளெழுத்துக் கண்ணாடியை வேற வீட்லயே வச்சுட்டு வந்துட்டேன், எந்தப் பக்கம் பிளஸ்னு எனக்குத் தெரியல. நீங்களே போட்டுக் கொடுத்துருங்க. வேலை செய்யுதான்னு ஒரு அமுக்கு அமுக்கிப் பாருங்க... எரியுதா? எரியட்டும், விடுங்க. மரகதம் கேட்டா, செல்லை வீட்லயே போட்டுட்டுத்தான் கிளம்பினேன்னு சொல்லிக்கறேன்.